சுணங்கும் ஆட்களும் சுணங்க வைக்கும் ஏற்பாடுகளும்

முற்றிய கரும்பில் இனிப்பு கூடுதலாகத் தங்குவது அடிக்கணுக்களில். ஆகவே தரையோடு தரையாக வெட்ட வேண்டும் என்று கரும்புத் துறையினர் ஒவ்வோர் அரவைப் பருவத்திலும் சொல்லி வருகிறார்கள். நான்கு விரல் உயரத்துக்குக் கட்டை நின்றாலும் நல்ல சாறுள்ள பகுதி வயலிலேயே தங்கிவிடுகிறது. மண்ணுக்கு மேலே நிற்கும் கணுவிலிருந்து கிளம்பும் மறுதாம்புத் தூருக்கு வேர்ப்பிடிப்பும் சரியாக இருக்காது. நிலத்துக்காரருக்கும் நட்டம், ஆலைக்கும் நட்டம். இருந்தும், அறுவடை முடிந்த வயலுக்குள் இறங்கிப் பார்த்தால் பல இடங்களில் கட்டைகள் உயரமாகத்தான் நிற்கின்றன. ‘ஆளுங்க ஏனோதானோன்னு வெட்டிப் போட்டுட்டுப் போயிட்டாங்க’ என்பதுதான் உடனே எழும் பேச்சு. வெட்டிய ஆளின் பக்கம் நின்று கணக்குப் பார்த்தால் வேறொன்று தெரியும். அவருக்குக் கூலி டன் கணக்கில். தரையோடு வெட்டுவதென்றால் ஒவ்வொரு தூருக்கும் இடுப்பை இன்னும் வளைக்க வேண்டும். அரிவாள் மண்ணிலும் கல்லிலும் பட்டு மழுங்கும். பொழுது சாயும்போது வெட்டிய டன் குறைந்திருக்கும். தோகையையும் கொழுந்தாடையையும் சுத்தமாகக் கழிக்க நேரம் பிடிக்கும். கழிக்காமல் கட்டினால் எடை ஏறும். கவனமாக வெட்டுகிறவர் குறைவாகச் சம்பாதிக்கிறார். அக்கறையின்மை என்று நாம் பெயர் வைத்தது, அந்தக் கூலி முறை அவரிடம் கேட்டு வாங்கிய வேலை.

ஒரு குழுவில் வேலை செய்யும் எல்லாரும் ஒரே மனதோடு உழைப்பதில்லை. சொன்னதை மட்டும் செய்து, சொல்லாததைத் தொடாத எழுத்தர் இருக்கிறார். கூட்டத்தில் வாயே திறக்காமல், வெளியே வந்ததும் குறை சொல்லும் ஊழியர் இருக்கிறார். கூலிக்கு மாரடிக்கிறார் என்று ஊரே சொல்லும் ஆசிரியரும் செவிலியரும் இருக்கிறார்கள். இவர்களை எப்படி வேலையில் ஈடுபட வைப்பது என்ற கேள்வி எழுந்தால் நம் மேலாளர்களிடம் நான்கைந்து மருந்துகள்தான் இருக்கின்றன: கண்டிப்பது, எழுச்சியூட்டும் பேச்சாளரை அழைப்பது, பொன்னாடை போர்த்துவது, ஊக்கத்தொகை அறிவிப்பது, எதுவும் நடக்காவிட்டால் இடமாற்றம் செய்வது. இவை எல்லாமே ஆளைக் குறி வைப்பவை. குறையே ஆளிடம்தான் என்று முன்கூட்டியே முடிவு கட்டியவை. வேலையில் பிடிப்பு விட்டுப்போவது பெரும்பாலும் ஏற்பாட்டுக்கு மனிதர் தரும் பதில் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். சேர வேண்டியது காலத்தில் சேர்வது, நல்ல வேலைக்கும் கெட்ட வேலைக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரிவது, சொன்னால் கேட்க ஆள் இருப்பது, செய்கிற வேலை முழுமையாகக் கைக்குள் இருப்பது என்ற நான்கையும் சரிசெய்த பிறகுதான் ஓர் ஆளைச் சோம்பேறி என்று சொல்லும் தகுதி நிர்வாகத்துக்கு வருகிறது.

ஆலை என்ற பெரிய குழு

இதைப் பேசுவதற்கு மோகனூர் பொருத்தமான ஊர். காவிரியின் இடது கரையில், வாய்க்கால் பாசனத்தில் கரும்பும் வாழையும் வெற்றிலையும் விளையும் இந்த ஊரில்தான் சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. இந்த ஊர் உள்ள நாமக்கல், 1997இல் சேலத்திலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகும் ஆலையின் பெயரில் சேலம் தங்கிவிட்டது. நாள் ஒன்றுக்கு 2,500 டன் கரும்பு அரைக்கும் திறனுக்காக அமைந்த ஆலை அது. இப்படி ஓர் ஆலைக்கு எத்தனை பேருடைய கை வேண்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கரும்பைப் பயிரிட்டுப் பதிவு செய்யும் அங்கத்தினர், வயலை வந்து பார்க்கும் களப்பணியாளர், எப்போது வெட்டலாம் என்ற கட்டிங் ஆர்டர் எழுதும் கோட்ட அலுவலகம், வெட்டும் ஆட்களைத் திரட்டி வரும் மேஸ்திரி, வெட்டுகிறவர்கள், டிராக்டரும் லாரியும் ஓட்டுகிறவர்கள், எடைமேடைக்காரர், அரவைப் பிரிவு, கொதிகலன் பிரிவு, சாற்றைச் சோதிக்கும் வேதியியலர் என்று வரிசை நீள்கிறது. வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிடுவது நல்லது. நேரம் ஆக ஆக எடையும் குறையும், சாற்றில் உள்ள சர்க்கரையும் சிதையும். அதனால் இந்த வரிசையில் யாரேனும் ஒருவர் சுணங்கினாலும் அது கடைசியில் சர்க்கரைக் கட்டுமானத்தில், அதாவது நூறு கிலோ கரும்பில் கிடைக்கும் சர்க்கரை அளவில், வந்து விழும். ஆனால் எந்தக் கையில் சுணங்கியது என்பதை அந்த எண் சொல்லாது.

இந்தக் குழுவின் முதல் உறுப்பினர் கரும்பு விவசாயி. கூட்டுறவு ஆலையில் அவர் பங்குதாரரும்கூட; சட்டப்படி பார்த்தால் ஆலையின் உடைமையாளர்களில் ஒருவர். அவருக்குச் சேர வேண்டியதைச் சட்டம் தெளிவாக வரையறுத்திருக்கிறது. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு வந்து சேர்ந்த 14 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும். நடப்பு வேறு. தமிழ்நாட்டில் தனியார் ஆலைகளும் கூட்டுறவு ஆலைகளும் நிலுவை வைப்பதும், விவசாயிகள் மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் கரும்போடு நிற்பதும் பல ஆண்டுச் செய்தி. இடையே வறட்சியும் சேர்ந்தது. 2011-12 பருவத்தில் சுமார் 24 லட்சம் டன் சர்க்கரை உற்பத்தி செய்த மாநிலம், 2017-18இல் ஏறத்தாழ 7 லட்சம் டன்னுக்கு இறங்கியது. மழை பொய்த்ததே இந்த வீழ்ச்சிக்கு முதன்மைக் காரணம். ஆனால் மழை திரும்பிய பின்னும் பழைய பரப்பு திரும்பவில்லை என்றால், அதில் நம்பிக்கை போனதற்கும் பங்கு உண்டு. பத்து, பன்னிரண்டு மாதம் நிலத்தில் நிற்கும் பயிர் கரும்பு. அறுவடைக்குப் பிறகும் பணத்துக்குக் காத்திருக்கச் சொன்னால் ஒரு குடும்பம் ஒன்றரை ஆண்டு கடனில் ஓட வேண்டும்.

இந்த இடத்தில் விவசாயி என்ன செய்கிறார் என்பது எல்லா நிறுவனங்களுக்கும் பாடமாகும். பரமத்திவேலூர், ஜேடர்பாளையம் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலைகள் இருக்கின்றன. பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தை பேர்போனது. கையில் காசு சீக்கிரம் வரும் என்றால் கரும்பு அந்தப் பக்கம் போகும். அதற்கும் வழியில்லாதவர் ஆலைக்கே கரும்பைக் கொடுத்துக்கொண்டு, பயிரின் மேல் கவனத்தைக் குறைத்துக்கொள்வார். 1970இல் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலறிஞர் எழுதிய புத்தகம் இதைத்தான் விளக்குகிறது. ஓர் அமைப்பு தளரும்போது அதில் இருப்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு: விலகிப் போவது, அல்லது உள்ளே நின்று குரல் கொடுப்பது. எந்த வழி எளிதோ அதை எடுப்பார்கள். குரலுக்கு மதிப்பில்லை என்றால் விலகுவார்கள். விலகவும் முடியாதவர்கள் உடம்பை உள்ளே வைத்துவிட்டு மனதை வெளியே எடுத்துவிடுகிறார்கள். அலுவலகங்களில் ‘ஒத்துவராதவர்’ என்று பெயர் வாங்கியவர்களில் பெரும்பகுதி இந்த மூன்றாவது வகை.

சேர வேண்டியதும், தெரிய வேண்டியதும்

பணம் தாமதமாவது வேலையின் தரத்தையே பாதிக்கும் என்பதற்கு ஒடிசாவிலிருந்து நேரடியான சான்று இருக்கிறது. சுப்ரீத் கவுர், செந்தில் முல்லைநாதன், சூவன்னா ஓ, ஃபிராங்க் ஷில்பாக் ஆகிய ஆய்வாளர்கள் தையல் இலை தைக்கும் தொழிலாளர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒப்பந்தம் முடியும் நாளில் கிடைக்க வேண்டிய கூலியில், அதுவரை உழைத்துச் சம்பாதித்த பகுதியைச் சிலருக்குச் சில நாட்கள் முன்னதாகவே கொடுத்தார்கள். மொத்தக் கூலியில் ஒரு பைசாகூடக் கூடவில்லை. கொடுத்த நாள் மட்டும் முந்தியது. பணம் கைக்கு வந்த மறுநாளிலிருந்து அவர்கள் தைத்த இலைகளின் எண்ணிக்கை கூடியது. மிகவும் வறிய குடும்பத்தினரிடம் இந்த மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. தையலில் பிழைகளும் குறைந்தன. கடன்காரருக்கு என்ன பதில் சொல்வது, கடையில் பாக்கியை எப்போது அடைப்பது என்ற கவலை மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போது கை வேலையில் நிற்காது என்பதுதான் இதன் பொருள். ஒருவருடைய கவனக்குறைவைப் பற்றி அவரிடம் பேசும் முன், அவருக்குத் தர வேண்டிய சம்பளம், பயணப்படி, விடுப்புக் கணக்கு, பதவி உயர்வு ஆணை ஆகியவற்றில் எது எத்தனை நாளாக மேசையில் கிடக்கிறது என்று பார்ப்பது நிர்வாகத்தின் முதல் கடமை.

அடுத்தது, வேறுபாடு கண்ணுக்குத் தெரிவது. கரும்புக்கான விலை ஆலையின் சராசரி சர்க்கரைக் கட்டுமானத்தை வைத்து நிர்ணயமாகிறது. தோகை நீக்கி, மண் தட்டி, வெட்டிய அன்றே கரும்பை அனுப்பியவருக்கும், காய்ந்த கரும்பைச் சோகையோடு கட்டி அனுப்பியவருக்கும் டன்னுக்கு அதே விலைதான். நல்ல வேலையும் சுமாரான வேலையும் ஒரே கணக்கில் கரைந்துபோகும் இடத்தில், நல்ல வேலை செய்தவர் இரண்டு பருவம் பொறுப்பார். மூன்றாவது பருவத்தில் அவரும் மற்றவர்களைப் போல் ஆகிவிடுவார். அரசு அலுவலகத்தில் பத்துக் கோப்பு முடிப்பவருக்கும் இரண்டு கோப்பு முடிப்பவருக்கும் ஒரே ஊதியம், அதோடு பத்து முடிப்பவருக்கே பதினொன்றாவது கோப்பும் வந்து சேரும் என்ற நிலையும் இதுவே. குழுவில் கடைசியாகச் சுணங்கியவரைப் பார்த்துக் கோபப்படுகிறோம். அவருக்கு முன்னால் யாரெல்லாம் சுணங்கினார்கள், அதற்கு என்ன ஆயிற்று என்பதை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அப்படியானால் திறமைக்குத் தகுந்தபடி கூலியைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? அதுவும் கத்தி மேல் நடப்பதுதான். எமிலி பிரேசா, சுப்ரீத் கவுர், யோகிதா ஷாம்தசானி ஆகியோர் ஒடிசாவில் சிறு குழுக்களாக வேலை செய்த தொழிலாளர்களிடம் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. சில குழுக்களில் எல்லாருக்கும் ஒரே கூலி. சிலவற்றில் முன்பு காட்டிய திறனைப் பொறுத்துக் கூலியில் வித்தியாசம். யார் எவ்வளவு செய்கிறார் என்று சக தொழிலாளிக்குத் தெரியாத வேலைகளில், வித்தியாசமான கூலி பெற்ற குழுக்களில் உற்பத்தி குறைந்தது. வேலைக்கு வரும் விகிதம் 18 சதவீதப் புள்ளிகள் இறங்கியது. கூலியை இழந்துகூட மனத்தாங்கலில் வராமல் நின்றார்கள். யாருடைய உற்பத்தி எவ்வளவு என்று எல்லாருக்கும் கண்ணெதிரே தெரிந்த வேலைகளில் இந்தப் பாதிப்பு தென்படவில்லை. ஆக, மனிதர்களைக் கசக்க வைப்பது வித்தியாசம் அல்ல, காரணம் தெரியாத வித்தியாசம். ஊக்கத்தொகை அறிவிக்கும் நிறுவனங்கள் இங்குதான் சறுக்குகின்றன. ‘சிறந்த ஊழியர்’ என்று ஒருவரை மேடை ஏற்றும்போது, ஏன் அவர் என்று மற்ற இருபது பேருக்கும் விளங்கவில்லை என்றால், ஒருவரை ஊக்கப்படுத்தி இருபது பேரை இழந்ததாகிவிடும். கரும்பிலும் இப்படியே. ஒவ்வொரு வண்டியையும் சோதித்து விலை வைக்க முடியாது என்பார்கள்; உண்மைதான். சில வண்டிகளை முன்னறிவிப்பின்றித் தேர்ந்து, தோகையும் மண்ணும் எவ்வளவு என்று விவசாயியின் முன்னிலையிலேயே நிறுத்து, முடிவைக் கோட்ட அலுவலகப் பலகையில் எழுதிவைப்பதற்குப் பெரிய செலவில்லை. வெட்டுக்கூலியில் ஒரு சிறு பகுதியைக் கட்டை உயரத்தோடு இணைப்பதற்கு ஓர் அளவுகோல் போதும்.

கேட்க ஓர் ஆள்

மூன்றாவது, குரல். கர்நாடகத்தின் ஒரு பெரிய ஆயத்த ஆடை நிறுவனத்தில் 2016இல் நடந்த சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த ஆண்டு ஊதிய உயர்வு தொழிலாளர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. உயர்வு அறிவித்த கையோடு, குலுக்கல் முறையில் தேர்ந்த பாதித் தொழிலாளர்களிடம் வேலை பற்றியும் மேற்பார்வையாளர் பற்றியும் ஊதியம் பற்றியும் கருத்துக் கேட்டார்கள். மற்ற பாதியிடம் கேட்கவில்லை. ஊதியத்தில் எந்த மாற்றமும் செய்யவில்லை. இருந்தும் அடுத்த சில மாதங்களில், கருத்துச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தவர்களில் வேலையை விட்டுப் போனவர்கள் மற்றவர்களைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதிகம் ஏமாற்றம் அடைந்தவர்களிடம்தான் இதன் பயனும் அதிகம் தெரிந்தது. குழுவிலேயே கடுகடுப்பான ஆளிடம்தான் முதலில் போய்க் கேட்க வேண்டும் என்பதே இதிலிருந்து ஒரு மேலாளர் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி. அவரைத் தவிர்த்துவிட்டு இணக்கமானவர்களிடம் மட்டும் பேசும் பழக்கம்தான் நம்மிடம் உண்டு. கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தால் இந்தப் பலன் நெடுநாள் நிற்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு முறை கேட்டதற்கே இவ்வளவு பலன் என்றால், இதுவரை எவ்வளவு கேட்காமல் இருந்திருக்கிறோம் என்பதையே அது காட்டுகிறது.

கூட்டுறவு அமைப்பு இந்தக் குரலுக்காகவே பிறந்தது. ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு என்பது அதன் அடிப்படை. தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்கள் நெடுங்காலம் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு இல்லாமல், அரசு நியமித்த தனி அலுவலர்களின் பொறுப்பில் ஓடியிருக்கின்றன. தனி அலுவலர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அங்கத்தினர் மனதில் அது ‘சர்க்கார் ஆலை’ ஆகிவிடுகிறது. தன் ஆலை என்ற பிடிப்பு போய்விடுகிறது. தேர்தல் நடந்தால் கட்சி அரசியல் புகுந்துவிடுகிறதே என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் அதற்குத் தீர்வு, தேர்தலோடு நிற்காமல் குரலை அன்றாட வேலைக்குள் கொண்டுவருவது. கட்டிங் ஆர்டர் வரிசையை அந்தந்த ஊர் விவசாயிகளே உட்கார்ந்து சரிபார்க்கலாம். எடை பற்றிய புகாரை யார், எத்தனை நாளில் தீர்த்தார் என்று எழுதி ஒட்டலாம். இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். நம் ஊர்க் கூட்டங்களில் எல்லாக் குரலும் ஒரே எடையோடு விழுவதில்லை. நிலத்துக்காரர் பேசும் இடத்தில் வெட்டுக்கூலி ஆள் பேச முடியாது; சாதியில் ஒடுக்கப்பட்டவர் நின்றுகொண்டே கேட்டுவிட்டுப் போவார்; பெண்கள் பின்வரிசையோடு சரி. ‘யாராவது ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க’ என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, யாரும் எதுவும் சொல்லவில்லை என்று எழுதிக்கொள்வது கேட்டதாகாது. ‘நமக்கெதுக்குங்க வம்பு’ என்று ஒதுங்குகிறவரைத் தனியாக, பெயர் வெளியே வராத வகையில் கேட்டால்தான் அது கேள்வி.

முழு வேலையைக் கையில் கொடுப்பது

நான்காவது, வேலையின் முழுமை. இதற்கு இந்தியாவிலேயே நடந்த பழைய சோதனை ஒன்று உலகப் புகழ் பெற்றது. நம் மக்களுக்கு அதிகம் தெரியாமல் போய்விட்டது. அகமதாபாத் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகள் வந்த பிறகு உற்பத்தி எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை. 1953இல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ. கே. ரைஸ் அங்கே வந்து பார்த்தார். ஒரு கூடத்தில் 224 தறிகள், 29 தொழிலாளர்கள், 12 வகை வேலைகள். நெய்பவர் ஒரு கணக்குத் தறிகளுக்குப் பொறுப்பு, ஊடைக்கண்டு நிரப்புபவர் இன்னொரு கணக்குத் தறிகளுக்கு, அறுந்த பாவைச் சேர்ப்பவர் வேறொரு கணக்குக்கு. எந்தத் தறிக்கும் முழுப் பொறுப்பாளி இல்லை. யாருக்கும் நிலையான கூட்டாளியும் இல்லை. ஒரு தறியில் துணி கெட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்ட முடியும். ஒரு தொகுதித் தறிகளை ஒரு சிறு குழுவிடமே முழுமையாக ஒப்படைத்தால் என்ன என்ற யோசனையை ரைஸ் முன்வைத்தார். தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும் அதைத் தாங்களே பற்றிக்கொண்டு, தங்களுக்குள் ஆட்களைத் தேர்ந்து குழுக்களை அமைத்துக்கொண்டார்கள். 64 தறிகளுக்கு ஏழு பேர் கொண்ட குழு. தொடக்கத்தில் தடுமாற்றம் இருந்தது, சேதம்கூட ஏறியது. பிறகு நிலைபெற்றபோது தறிகளின் செயல்திறன் சுமார் 80 சதவீதத்திலிருந்து 95 சதவீதத்துக்கு உயர்ந்தது. பழுதான துணி 32 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது.

ஆட்கள் மாறவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். முந்தைய மாதம் ஒட்டாமல் வேலை செய்தவர்கள்தான் அடுத்த மாதம் ஒருவருக்கொருவர் கை கொடுத்தார்கள். மாறியது, யார் எதற்குப் பொறுப்பு என்ற வரைபடம். கரும்பு வெட்டிலும் இதைச் செய்து பார்க்க இடமிருக்கிறது. ஒரு மேஸ்திரி, அவருடைய ஆட்கள், ஒரு டிராக்டர், ஒரு களப்பணியாளர் ஆகியோரைக் குறிப்பிட்ட ஊர்களுக்குப் பருவம் முழுதும் ஒரே குழுவாக நிறுத்தி, வெட்டிலிருந்து எடைமேடை வரையான வேலையை அவர்களிடமே விட்டால், காய்ந்த கரும்பு யாருடைய குறை என்ற சச்சரவு பாதியாவது குறையும். அகமதாபாத்தின் தொடர்கதையிலும் ஒரு பாடம் உண்டு. 1970இல் எரிக் மில்லர் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, முதலில் சோதனை நடந்த கூடத்தில் அந்தக் குழு முறை உயிரோடு இருந்தது. மற்ற இடங்களில் சந்தை நெருக்கடியும் நிர்வாக மாற்றமும் சேர்ந்து பழைய வழக்கத்துக்கே இழுத்துவிட்டிருந்தன. நல்ல ஏற்பாட்டையும் பாதுகாத்து வளர்க்க ஆள் வேண்டும்.

மறுப்புகள்

‘எல்லாம் சரி, உண்மையிலேயே வேலை செய்ய மனமில்லாதவர் இருக்கத்தானே செய்கிறார்’ என்று கேட்கலாம். இருக்கிறார். கண்காணிப்பே வேண்டாம் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. ராஜஸ்தானின் உதய்பூர் பகுதியில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்தின் ஓராசிரியர் பள்ளிகளில் ஆசிரியர் வராமை 42 சதவீதமாக இருந்தது. நாள்தோறும் பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் நேரம் பதியும் கேமராவில் மாணவர்களோடு படம் எடுக்க வைத்து, வந்த நாட்களுக்கு ஏற்ற ஊதியம் தந்தபோது அது 21 சதவீதமாகப் பாதியானது. அதே பகுதியில் அரசு செவிலியர்களின் வருகையையும் இப்படிப் பதிவு செய்து ஊதியத்தோடு இணைத்தார்கள். முதல் சில மாதங்கள் வருகை நன்றாக ஏறியது. பிறகு சுகாதாரத் துறையே ‘விலக்கு நாள்’ என்று தாராளமாக அனுமதி கொடுக்கத் தொடங்கியது. பதினாறு மாதத்தில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. இரண்டு இடத்திலும் கண்காணிப்புக் கருவி உண்டு. ஒரு நிறுவனம் தான் போட்ட விதிக்குத் தானே கட்டுப்பட்டது, மற்றொன்று கட்டுப்படவில்லை. கண்காணிப்பும் ஓர் ஏற்பாடுதான் என்பதும், அது நிர்வாகத்தின் வாக்கு சுத்தத்தால் மட்டுமே நிற்கும் என்பதும் இதில் தெளிவாகிறது. நான்கையும் ஒழுங்காகச் செய்து, விதியை எல்லாருக்கும் ஒன்றுபோல் நடத்திய பிறகும் ஒருவர் வேலையைத் தொடவில்லை என்றால், அவர்மீது நடவடிக்கை எடுப்பது மற்றவர்களுக்குச் செய்யும் நியாயம். அப்போது குழுவும் நிர்வாகத்தின் பக்கம் நிற்கும்.

‘அரசு வேலையிலும் கூட்டுறவிலும் மேலாளர் கையில் என்ன இருக்கிறது? சம்பளம் கூட்ட முடியாது, வேலையை விட்டு நீக்கவும் முடியாது’ என்பது அடுத்த மறுப்பு. இது பாதி உண்மை. ஊதிய விகிதம் அவர் கையில் இல்லை. ஆனால் நிலுவைக் கோப்பை நகர்த்துவது, வேலையைப் பங்கிடும் காரணத்தை எல்லார் முன்னிலையிலும் சொல்வது, கடுகடுப்பான ஆளிடம் போய்க் கேட்பது, துண்டு துண்டாகக் கிடக்கும் வேலையைச் சேர்த்து ஒருவரிடம் ஒப்படைப்பது ஆகிய எதற்கும் சென்னையிலிருந்து அரசாணை வர வேண்டியதில்லை. அதிகாரம் குறைவாக உள்ள மேலாளருக்குத்தான் இவை இன்னும் அவசியம். அவரிடம் வேறு கருவியே கிடையாது.

மூன்றாவது மறுப்பு, சொல்லின் வலிமை பற்றியது. எழுச்சியான வார்த்தை மனிதர்களை எழுப்பாதா? எழுப்பும், மோகனூரே அதற்குச் சாட்சி. 1888இல் இந்த ஊரில் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை எழுதிய பாட்டைப் பாடிக்கொண்டுதான் 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தார்கள். ஏறத்தாழ 150 மைல், ஏப்ரல் வெயில்; வழியில் உணவு கொடுப்பவர்களுக்கும் தண்டனை என்று அரசு மிரட்டியது. அந்தப் பாட்டு அவர்களைத் தாங்கியது என்பதில் ஐயமில்லை. எந்த நிலையில் தாங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். அவர்கள் தாங்களாக முன்வந்தவர்கள். எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம், போனால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தலைவர் அதே வெயிலில், அதே சாலையில் கூடவே நடந்தார். நோக்கம் தெளிவாகவும் சுமை சமமாகவும் இருந்த இடத்தில் பாட்டு அவற்றுக்கு உயிர் கொடுத்தது. ஆறு மாதச் சம்பள நிலுவையும், காரணம் சொல்லாத இடமாற்றமும் இருக்கும் அலுவலகத்தில் ஒரு மணி நேர எழுச்சி உரையை நிகழ்த்தினால், கேட்பவர் மனதில் கசப்புதான் கூடும்.

ஆகவே, குழுவில் ஒருவர் சுணங்கும்போது பொறுப்பில் இருப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. இவருக்குச் சேர வேண்டியது எதையாவது நாம் பிடித்து வைத்திருக்கிறோமா? இவர் நன்றாகச் செய்தால் அது யாருக்காவது தெரியுமா? போன முறை இவர் ஒரு குறை சொன்னபோது என்ன செய்தோம்? இவருடைய வேலைக்குத் தலையும் வாலும் இருக்கிறதா, இல்லை நடுத்துண்டு மட்டும்தானா? இந்த நான்குக்கும் நாணயமான விடை கிடைத்த பிறகே ஐந்தாவதாக, இவர் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்க வேண்டும். நாம் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். ஐந்தாவது கேள்வியை முதலில் கேட்டு, அதோடு நிறுத்திக்கொள்கிறோம். இதனால் வீணாவது ஓர் ஊழியரின் உழைப்பு மட்டுமல்ல. பத்தாண்டு, இருபதாண்டு அனுபவமுள்ள ஒரு மனிதர் தன் வேலையையே தனக்குச் சொந்தமில்லாததாக நினைத்து வாழ்நாளின் பாதியைக் கழிக்கிறார். அந்த இழப்பை எந்த ஆலையின் வரவு செலவுக் கணக்கும் காட்டுவதில்லை; ஆனால் அதைத் தடுக்கும் வேலை, காலத்தில் கையெழுத்துப் போட்ட ஒரு காசோலையிலோ, உட்கார வைத்துக் கேட்ட ஒரு கேள்வியிலோ தொடங்கிவிடலாம். அடுத்த அரவைப் பருவம் வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை.